காசு கொடுத்துக் குறை கேட்கும் இடம்: கோபி மாஸ்டர் வீடு

கோபியில், அதாவது கோபிசெட்டிபாளையத்தில், பெயர்ப் பலகை இல்லாத ஒரு வீடு. திண்ணையில் நீளமாக ஒரு பெஞ்ச், வாசலில் செம்பருத்திச் செடி. தைத்து முடித்த ஜாக்கெட்டை அங்கே எடுத்துப் போனால், ஒன்றுக்கு 60 ரூபாய் வாங்கிக்கொண்டு அதில் என்ன குறை என்று சொல்லி அனுப்புவார்கள். தைத்துத் தர மாட்டார்கள். பிரித்தும் தர மாட்டார்கள். குறை பார்த்துச் சொல்வது மட்டும்தான் வேலை. ஒன்றரை வருசமாக நான் அங்கே போய்வருகிறேன். ஈரோடு, கோபி, சத்தியமங்கலம் பக்கம் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

நான் கவுந்தப்பாடி. வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின், துணி ஓரத்தை வெட்டிப் பின்னுகிற ஓவர்லாக் ஒன்று, உதவிக்கு ஒரு பெண். தைக்க ஆரம்பித்து 8 வருசம் ஆகிறது. லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு 350 ரூபாய் வாங்குகிறேன். லைனிங் துணியும் ஃபாலும் ஈரோடு ஜவுளிச் சந்தையில் மொத்தமாக எடுத்து வந்துவிடுவேன். தொழில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தை மாசக் கல்யாணம் வரைக்கும்.

பெண் வீட்டுக்காரர்கள் 5 ஜாக்கெட் கொடுத்திருந்தார்கள். முகூர்த்த ஜாக்கெட்டை நானே வெட்டி, நானே தைத்தேன். மணவறையில் மாலை மாற்றுவதற்காகப் பெண் கையைத் தூக்கியிருக்கிறாள். ஜாக்கெட் அப்படியே மேலே ஏறி, அக்குள் தையல் மூட்டு விட்டுப்போனது. மூன்றாம் நாள் பெண்ணின் அம்மா பையைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். “என்ன தையல் தெச்சீங்க? என்ற புள்ளைய மணவறையில தலை குனிய வெச்சுட்டீங்களே” என்றார். நான் காரணங்களை அடுக்கினேன். பட்டு பழசு, அளவெடுத்தது ஒரு மாசம் முன்னால், நடுவில் பெண் கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டாள், அவசரத்தில் வாங்கிப் போனீர்கள் என்று. அவர் ஒன்றையும் காதில் வாங்காமல் கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் மிஷினில் உட்காரவில்லை. அழுதேன். திட்டு வாங்கியதைவிட, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாததுதான் அதிகமாக வலித்தது. அவர் சொன்னது உண்மை. ஆனால் “என்ன தையல்” என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எந்தத் தையலைப் பிரிப்பது?

நான் நூலும் கொக்கியும் வாங்குகிற கடைக்கார அக்காதான் மாஸ்டரைப் பற்றிச் சொன்னார். “அவரு நோகாமச் சொல்ல மாட்டாருங். ஆனா எங்கன்னு சொல்லிருவாரு.”

மாஸ்டருக்கு 70 வயது தாண்டிவிட்டது. 45 வருசத்துக்கு மேல் தைத்தவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மிஷினை விட்டுவிட்டார். காஜா, எம்மிங் (ஓரம் மடித்துப் போடுகிற கைத்தையல்), கொக்கி எல்லாம் அவர் வீட்டம்மா போட்டிருக்கிறார். இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தக் குறை பார்க்கிற வேலையைச் செய்கிறார்கள்.

முதல் தடவை அந்த விட்டுப்போன ஜாக்கெட்டையே கொண்டுபோனேன். வாங்கினதும் உள்பக்கத்தைத் திருப்பினார். வெளிப்பக்கத்தைக் கடைசியில்தான் பார்ப்பார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூட்டு மூட்டாக விரலை ஓட்டினார். ஐந்து நிமிசம் ஒரு வார்த்தை இல்லை. அக்குள் வளைவுக்குள் உள்ளங்கையை விட்டு விரித்துப் பார்த்தார். நான் தாங்க முடியாமல், “அது பழைய பட்டுங்க மாஸ்டர், அதனாலதான்...” என்று ஆரம்பித்தேன்.

“இரு அம்மிணி. நீ ஜாக்கெட்டு கூடவே கல்யாணத்துக்குப் போயி எல்லாருகிட்டயும் காரணம் சொல்லுவியா? அது தனியாத்தான் போவும்.”

வாயை மூடிக்கொண்டேன். அவர் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதினார். ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று குறைதான் சொல்வார். பத்து இருந்தாலும் மூன்றுதான். மற்றதை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம், இதை முதலில் சரிசெய் என்பார்.

முதல் வரி அக்குள் வளைவு. கை பிடிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் அக்குளை இன்னும் ஆழமாக வெட்டிவிடுவேன். ஆழமாக வெட்டினால் தாராளமாக இருக்கும் என்பது தைக்க ஆரம்பித்ததிலிருந்து என் நினைப்பு. பயிற்சி வகுப்பிலும் யாரும் மறுத்துச் சொன்னதில்லை. மாஸ்டர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். என் சுடிதாரின் பக்கத் தையலை அக்குளுக்கு நாலு விரல் கீழே கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்தக் கையைத் தூக்கச் சொன்னார். சுடிதார் முழுக்க மேலே வந்தது. பிறகு அக்குளை ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு தூக்கச் சொன்னார். கை அது பாட்டுக்குப் போனது, சுடிதார் கிடந்த இடத்தில் கிடந்தது.

அவ்வளவுதான். பாதி நிமிசம் ஆகியிருக்காது. அக்குள் வளைவு கீழே இறங்க இறங்க பக்கத் தையலின் நீளம் குறைகிறது. கை மேலே போகும்போது அந்தக் குறைந்த நீளம் போதாமல் ஜாக்கெட்டையே இழுத்துக்கொண்டு போகிறது. வளைவு அக்குளை ஒட்டி இருந்தால் கை தனியாக அசையும். கை பிடிப்பதற்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. அதுதான் இரண்டாவது வரி: கைத்துணியின் மேல் வளைவை உயரமாக வெட்டியிருக்கிறாய், அதை இறக்கி மேல்கைச் சுற்றளவில் துணி கொடு. மூன்றாவது, அக்குள் மூட்டில் ஒற்றைத் தையல், அதையும் ஓவர்லாக் கத்தி நெருக்கி அறுத்திருக்கிறது, இரட்டைத் தையல் போடு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தச் சீட்டை எடுத்துப் படித்தேன். மூன்று வரி. மூன்றும் கத்தரியாலும் நூலாலும் சரிசெய்யக்கூடியவை. என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பெண்ணின் அம்மா சொன்னதும் இதே ஜாக்கெட்டைப் பற்றித்தான், மாஸ்டர் எழுதியதும் இதைப் பற்றித்தான். அதைக் கேட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். இதைப் படித்துவிட்டு எப்போது வீடு வரும், எப்போது துணியை விரிக்கலாம் என்று இருந்தது.

மிச்சம் நாலு ஜாக்கெட்டையும் அந்த வீட்டில் கேட்டு வாங்கிப் பிரித்தேன். வெட்டிவிட்ட வளைவைத் திரும்ப ஏற்ற முடியாது. அதனால் அக்குளுக்குள் சின்ன ஒட்டுத்துண்டு வைத்து, கையை மாற்றி, இரட்டைத் தையல் போட்டு, முகூர்த்த ஜாக்கெட்டுக்கு வாங்கிய காசையும் வைத்துக் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை என்னிடம் தைக்க வரவும் இல்லை.

இத்தோடு நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய். இரண்டாம் தடவை போனபோது என்னிடம் இருந்ததிலேயே நல்ல ஜாக்கெட்டாகப் பார்த்து எடுத்துப்போனேன். சிறுமுகைப் பட்டு, பைப்பிங் வைத்த கழுத்து. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வைக்க வேண்டும் என்றுதான் போனேன். அதிலும் மூன்று வரி எழுதினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேர் கேட்கிற மாதிரி சொன்னார் வேறு. கோபம் வந்துவிட்டது. இந்தப் பெரியவருக்கு எதைக் கொண்டுபோனாலும் குறைதான் என்று வீட்டில் புலம்பினேன். இரண்டு மாசம் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த நேரத்தில் இன்னொரு தொந்தரவு தொடங்கியிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் ஜாக்கெட் லூசாக இருக்கிறது என்றார்கள். நிறைய இல்லை, அரை இஞ்சு. “இளைச்சுட்டீங்கக்கா” என்று சொல்லிப் பிடித்துக் கொடுத்தேன். கேட்டு அவர்களும் சிரித்துக்கொண்டு போவார்கள். ஆனால் அதில் ரெண்டு மூணு பேர் திரும்பி வரவில்லை. ஊரில் பாதிப் பேர் ஒரே சமயத்தில் இளைக்க மாட்டார்கள் என்பது எனக்கே தெரிந்தது. மறுபடியும் கோபிக்குப் பஸ் ஏறினேன்.

மாஸ்டர் ஜாக்கெட்டை அளந்து பார்த்தார், என் அளவு நோட்டைப் பார்த்தார்.

“எப்ப இருந்து இந்த லூசு?”

“ஆடிக்கு அப்புறமுங்க.”

“ஆடியில என்ன மாத்துனே?”

“ஒண்ணும் மாத்தலைங்க மாஸ்டர்.” யோசித்துவிட்டுச் சொன்னேன், “டேப்பு ஒண்ணு புதுசு வாங்குனேன்.”

“பழசு?”

“அது கட்டிங் மேசையில கெடக்குதுங்க. வெட்டறதுக்கு அது, அளவெடுக்கப் புதுசு.”

அடுத்த தடவை இரண்டையும் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். அவரிடம் 24 இஞ்சு எஃகு ஸ்கேல் ஒன்று இருக்கிறது. அதன்மேல் புது டேப்பை வைத்தார், கோடுக்குக் கோடு சரியாக நின்றது. பழைய டேப்பை வைத்தார். 24 என்கிற கோடு ஸ்கேலின் முனையைத் தாண்டிக் கால் இஞ்சுக்கு மேல் வெளியே போய் நின்றது. ஆறு வருசமாகக் கழுத்தில் தொங்கி, இழுபட்டு, அயர்ன் பாக்ஸ் சூட்டுக்குப் பக்கத்தில் கிடந்து நீண்டுபோயிருக்கிறது. முன்பு அளவெடுத்ததும் அதே டேப், வெட்டியதும் அதே டேப், அதனால் தப்பு தப்போடு சரியாகிப் போனது. புது டேப்பில் அளந்து பழைய டேப்பில் வெட்ட ஆரம்பித்ததும் 36 மார்புச் சுற்றளவுக்கு அரை இஞ்சு கூடிவிட்டது.

மேசைமேல் கிடந்த அந்த மஞ்சள் டேப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவராக வந்து என் டேப் நீண்டிருக்கிறது என்றுதான் சொன்னார்கள். எனக்குத்தான் அதைக் கேட்கத் தெரியவில்லை. அன்றைக்கு மாஸ்டர் திட்டவும் இல்லை. “அளக்கறதும் வெட்டறதும் ஒரே டேப்பா இருக்கோணும். வருசத்துக்கு ஒருக்கா மாத்தீரு” என்று மட்டும் சொன்னார். நான் இப்போது துணி டேப் வாங்குவதில்லை, ஃபைபர் கிளாஸ் டேப்தான். அது அவ்வளவு சீக்கிரம் நீளாது.

மாஸ்டர் வீட்டம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாக்கெட் யாருக்கோ அவரையே கூட்டிக்கொண்டு போனால் குறை பார்ப்பது இன்னும் நன்றாக இருக்கும். அம்மா அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய்ப் போட்டுப் பார்க்கச் சொல்வார். கண்ணாடி முன்னால் நிற்க விடமாட்டார். குடத்தை இடுப்பில் வைக்கிற மாதிரி நில்லு, கோலம் போடுகிற மாதிரி குனி, கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி கையைத் தூக்கு என்பார். பார்த்துக்கொண்டே வெளியே குரல் கொடுப்பார். “ஏனுங்க, எடது தோளு எறங்குதுங்க.” மாஸ்டர் வெளியில் இருந்து, “பின்கழுத்து எத்தன?” என்பார். “பத்து இருக்கும்.” “அத்தன எறக்கத்துக்குத் தோளு அகலத்தக் கொறச்சிருக்கோணும், நாடாவும் வெக்கோணும்” என்று இவர் சீட்டில் எழுதுவார்.

நல்லதை எடுத்துச் சொல்வதும் அம்மாதான். ஒரு தடவை பட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த எம்மிங் யாரு கண்ணு போட்டது? வெளிய ஒரு புள்ளிகூடத் தெரியலியே” என்றார். என்னிடம் வேலை செய்கிற பெண் போட்டது. போய்ச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கொக்கி ஏறி இறங்கி இருந்தால் கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்கிற பழக்கம் எனக்கு இருந்தது. அதை விட்டுவிட்டேன். இப்போது கொக்கியைக் காட்டி, “மூணாவது அரைக்கால் இஞ்சு கீழே இருக்குது பாரு” என்கிறேன். அவள் பிரித்துப் போட்டுவிடுகிறாள்.

மாஸ்டர் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்குமா என்றால், இல்லை. ஒரு மெல்லிய பட்டில் மூட்டு முழுக்கச் சுருக்கம் விழுந்தது. மேல்நூல் இறுக்கமாக இருக்கிறது, தளர்த்து என்று எழுதிக் கொடுத்தார். தளர்த்தினேன், சுருக்கம் போகவில்லை. வீட்டில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோது ஊசிதான் என்று தெரிந்தது. தடிமனான 16 நம்பர் ஊசியில் தைத்திருந்தேன். மெல்லிய 11 போட்டதும் மூட்டு படிந்து நின்றது. அடுத்த வாரம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் உடனே உள்ளே திரும்பி, “இங்க வந்து கேளு, நாம ஊசியப் பாக்காம விட்டுட்டோம்” என்று அம்மாவைக் கூப்பிட்டார். இரண்டு ஊசியிலும் தைத்த துண்டுகளை என்னிடம் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்து, தன் நோட்டில் குறித்துக்கொண்டார். இப்போது யார் பட்டு கொண்டுவந்தாலும் முதலில் ஊசி நம்பர் கேட்கிறார். அந்த இடத்தின் மேல் எனக்கு முழு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

இங்கே போய்வந்ததில் நான் பிடித்துக்கொண்ட பெரிய பாடம் ஒரு கேள்வி. முன்பெல்லாம் ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, “நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்பேன். யாராக இருந்தாலும் “நல்லா இருக்குதுங்” என்றுதான் சொல்வார்கள். நம் பக்கம் முகத்துக்கு நேராக நோகச் சொல்ல மாட்டார்களே. பிடிக்காவிட்டால் அடுத்த தடவை வேறு டெய்லரிடம் போவார்கள், ஏன் என்று நமக்குத் தெரியவே தெரியாது. இப்போது அம்மாவிடம் கற்றபடி, “கையத் தூக்குங்க, எங்க பிடிக்குது? குனிங்க, எங்க தூக்குது?” என்று கேட்கிறேன். உடனே சொல்லிவிடுகிறார்கள். அங்கேயே ஊக்கு குத்தி அடையாளம் வைத்துக்கொள்கிறேன். கல்யாண ஜாக்கெட் என்றால் பெரிய தையலாக ஓட்டி ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் முடிப்பதே இல்லை.

இனி, பிடிக்காததும் சொல்லிவிடுகிறேன். காத்திருக்க வேண்டும். டோக்கன் கிடையாது, பத்து மணிக்குப் போனால் சில நாள் ஒரு மணி ஆகிவிடும். பெஞ்சில் இருக்கிற எல்லார் காதிலும் விழுகிற மாதிரி குறை சொல்வது புதிதாகத் தைக்கிறவர்களுக்குக் கஷ்டம். இதை நான் அம்மாவிடம் சொன்னேன். இப்போது முதல்முறை வருகிறவர்களை உள்ளே உட்காரவைத்துச் சொல்கிறார்கள். ஆரி வேலையைப் பற்றிக் கேட்காதீர்கள், தனக்குத் தெரியாது என்று அவரே சொல்லிவிடுவார். ஆரி போட்ட ஜாக்கெட் என்றால் அளவும் மூட்டும் மட்டும்தான் பார்ப்பார். போட்டோ அனுப்பினால் பார்க்க மாட்டார், துணி கையில் இருக்க வேண்டும். பேட்டர்ன் வெட்டித் தரச் சொல்லி வற்புறுத்தினால் கோபம் வரும்.

தைக்கிற எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டியதில்லை. நான் மாசத்துக்கு இரண்டு எடுத்துப் போகிறேன். அதிலும் எனக்கே சந்தேகமாக இருப்பதைத்தான் எடுக்கிறேன். நன்றாக வந்ததைக் காட்டப் போய் 60 ரூபாயும் ஒரு நாளும் வீணாக்குவதில்லை.

குறை பார்ப்பது திங்களும் வியாழனும், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. வியாழன் கூட்டம் குறைவு. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம், பக்கத்து நூல் கடைகளில் கேட்டால் வழி சொல்வார்கள். ஜாக்கெட்டை அயர்ன் பண்ணாமல் கொண்டுபோங்கள், சுருக்கம் எங்கே விழுகிறது என்று அவர் பார்க்க வேண்டும். அளவு நோட்டு, அதே துணியில் ஒரு வெட்டுத் துண்டு, தைத்த ஊசியின் நம்பர் இதெல்லாம் கையில் இருக்கட்டும். டேப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.